தாஹா ஹுஸைனின் ‘அல்-அய்யாம்’: நோயும் சமூகப் பொறுப்பும்

நவீன அரபுத் தன்வரலாற்று நூல்களுள் தாஹா ஹுஸைனின் (1889–1973) ‘அல்-அய்யாம்’ (நாட்கள்) தனியிடம் பெற்றது. மூன்று பாகங்கள் கொண்ட இதன் முதற்பாகம் 1929இல் நூலுருப் பெற்றது. பார்வையிழந்த கிராமத்துச் சிறுவனொருவன் அல்-அஸ்ஹரில் பயின்று, கெய்ரோவிலும் பாரிஸிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்று, 1950இல் எகிப்தின் கல்வியமைச்சராகவும் உயர்ந்தமையால், இந்நூல் மனவுறுதியின் வெற்றிக் கதையாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. 1970களின் இறுதியில் அவரைப் பற்றி வெளிவந்த திரைப்படமும் ‘இருளை வென்றவர்’ என்றே பெயர் பெற்றது. இவ்வாசிப்பு நூலின் பாதியை மட்டுமே காண்கிறது என்பது எமது கருத்து. அவருடைய பிற ஆக்கங்கள் மீது மார்க்க அறிஞர்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் தனி ஆய்வுக்குரியவை. நோயும் ஊனமும் பற்றி இந்நூல் அளிக்கும் சாட்சியமே இங்கு எமது பொருள்.

முதற்பாகம் மூன்று இழப்புகளைப் பதிவு செய்கிறது. சிறுவனுக்குக் கண்நோய் கண்டபோது சில நாட்கள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் நாவிதர் வந்து செய்த வைத்தியத்தில் பார்வை போயிற்று. நான்கு வயதுத் தங்கை ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி நோயுற்றுக் கிடந்தாள். வைத்தியரை அழைக்க வேண்டுமென எவருக்கும் தோன்றாமலே அவள் மரணித்தாள். மருத்துவக் கல்லூரியில் சேரவிருந்த அண்ணனை 1902 ஆகஸ்டில் வாந்திபேதி கொண்டு சென்றது. அந்நாட்களில் ஊர் வைத்தியருக்குத் துணைநின்று நோயாளரிடையே உழைத்தவர் அவர்.

இம்மூன்றையும் சேர்த்து வாசிக்கையில், விதியென ஊர் ஏற்றுக்கொண்டவற்றுள் எவ்வளவு தவிர்த்திருக்கக் கூடியது என்பது புலனாகும். நூலாசிரியரும் இதனை உணர்ந்தே எழுதுகிறார். ஆனால் அவர் குற்றஞ்சாட்டும் இடம் எமக்கு உடன்பாடானதன்று. பிள்ளைகளின் நோவைப் பொருட்படுத்தாத கிராமத்துப் பெண்களின் போக்கையும் அவர்களது கைவைத்திய அறிவையும் அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். தந்தையின் பதின்மூன்று பிள்ளைகளுள் ஏழாமவர் அவர். அத்தகைய எளிய குடும்பத்தில் ஒரு பிள்ளையின் முனகல் தாயின் செவிக்குத் தாமதமாக எட்டியதெனில், அதற்கு அவளது அறியாமை மட்டுமா காரணம்? கொள்ளைநோய்க் காலத்தில் அரசு சுகாதார அலுவலர்களையும் நோயாளரைப் பிரித்துவைக்கும் கூடாரங்களையும் கிராமங்களுக்கு அனுப்பியதை நூலே கூறுகிறது. ஊரையே அச்சுறுத்திய நோய்க்கு வந்த அரசு, ஒரு குழந்தையின் கண்நோய்க்கு வரவில்லை. ஆசிரியர் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும் இம்முரண்பாடே நூலின் கனமான பகுதி எனலாம்.

இரண்டாவது அநீதி வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. ஒருமுறை சிறுவன் இரு கைகளாலும் உணவை எடுத்தபோது உடன்பிறந்தோர் சிரித்தனர், தாய் அழுதார். அதன்பின் கரண்டியால் உண்ண வேண்டிய உணவுகளையே அவர் தமக்கு விலக்கிக்கொண்டார். அல்-அஸ்ஹரின் நுழைவுப் பரீட்சையில் பரீட்சகர் அவரைப் பெயரால் அழைக்கவில்லை. ‘குருடன்’ என்றே விளித்தார். அச்சொல் தம்மை எவ்வளவு புண்படுத்தியதென அவர் எழுதுகிறார். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை முன்னிட்டு அருளப்பட்ட ஸூரா அபஸவை மனனம் செய்திருந்த மாணவர் அவர். அதனையே கற்பிக்கும் பீடத்தில் அவருக்கு இவ்வாறு நேர்ந்தது. இப்னு உம்மி மக்தூமை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாகவும், மதீனாவில் தமது பிரதிநிதியாகவும் நியமித்தார்கள் என்பதை எம்மில் எத்தனை பேர் பரிவுக் கதையாக மட்டும் கேட்டுக் கடந்திருக்கிறோம்!

ஆயினும் அல்-அஸ்ஹருக்கு உரிய நீதியையும் செய்தாக வேண்டும். செவிவழிக் கல்வியும் மனனமும் வழக்கிலிருந்த அக்கலாபீடத்தில் பார்வையற்றோர்க்கு நெடுங்காலமாக இடமிருந்தது. பிரான்ஸ் செல்லப் பல்கலைக்கழகம் உதவியது. அவருக்காக உரத்து வாசித்தவர் பின்னாளில் மனைவியான சூஸன். ஆகவே அவரது உயர்வு தனியொருவரின் மனவுறுதியால் மட்டும் அமைந்ததன்று.

கல்வி நீரையும் காற்றையும் போன்றது என அமைச்சராக அவர் வாதிட்டதன் பின்னணி இதுவே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென எகிப்து 2018இல் தனிச்சட்டம் இயற்றியது. சட்டம் உரிமையை எழுதிவைக்கலாம். பரீட்சகரின் நாவைத் திருத்துவதும் பிள்ளையின் நோயை உரிய வேளையில் கவனிப்பதும் சமூகத்தின் கடமைகள். ஒரு மேதையை வியந்து முடிக்கும் வாசிப்பு, அதே நாவிதரிடம் கண்ணிழந்து பெயரின்றி மறைந்த பிள்ளைகளை மறந்துவிடுகிறது. ‘அல்-அய்யாம்’ அவர்களுக்கான சாட்சியமாகவும் வாசிக்கப்பட வேண்டும்.