ஐந்துக்கு மேல் எண்ணாத கணக்கு

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டு பகுதிகளிலும் மக்களிடம் நேரடியாகப் போய் "கடந்த 12 மாசத்துல உங்களுக்கு ஏதாவது குற்றம் நடந்துச்சா?" என்று கேட்கும் ஒரு தேசிய சர்வே இருக்கிறது. 1982ல் 'பிரிட்டிஷ் கிரைம் சர்வே' என்று ஆரம்பித்து, 2012ல் 'கிரைம் சர்வே ஃபார் இங்கிலாந்து அண்ட் வேல்ஸ்' என்று பெயர் மாறியது. அது மக்களின் பதிலை என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போலீஸிடம் போகாத குற்றம் போலீஸ் கணக்கில் வராது. போனாலும் பதிவாகும் என்று உறுதியில்லை. பதிவு செய்வதில் இருந்த கோளாறுகளால், போலீஸ் புள்ளிவிவரத்துக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியே 2014 ஜனவரியில் பறிக்கப்பட்டது. அதனால் நாட்டில் குற்றம் கூடுகிறதா குறைகிறதா என்ற சண்டை வரும்போதெல்லாம் எல்லோரும் இந்த சர்வேயைத்தான் கையில் எடுக்கிறார்கள். "1995ல் உச்சம், அப்புறம் இறங்குமுகம்" என்ற கதையும் இங்கிருந்து வந்ததுதான்.

சரி, பிரச்சினை எங்கே?

ஒரே ஆள், ஒரே மாதிரி சூழ்நிலையில், திரும்பத் திரும்பச் செய்யும் குற்றத்தை இந்த சர்வே ஒரு 'தொடர்' என்று எடுத்துக்கொள்கிறது. கடைசியாக நடந்ததைப் பற்றி விவரமாகக் கேட்டுவிட்டு, மொத்தம் எத்தனை தடவை என்று குறித்துக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாக, அந்த எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் வெளியிடும் கணக்கில் ஒரு தொடருக்கு அதிகபட்சம் 5 தான். ஒரு தடவை சைக்கிள் பறிகொடுத்தவருக்கு 1. வாரத்துக்கு ஒரு தடவை புருஷன்கிட்ட அடி வாங்குற பொண்ணு "52" என்று சொன்னால், ஏறுவது 5. மீதி 47 அடி அட்டவணையில் கிடையாது.

இதற்குப் புள்ளியியல்காரர்கள் சொன்ன காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 35,000 பேரிடம் கேட்டு, அதை வைத்து நாடு முழுவதற்கும் கணக்குப் போடுகிறார்கள். அதாவது ஒவ்வொருவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகப் பேசுகிறார். ஒரே ஒருவர் "50" என்று சொன்னால் அது தேசியக் கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்து நிற்கும். அடுத்த வருஷம் அப்படி ஒருவர் சாம்பிளில் சிக்காவிட்டால், குற்றம் குறைந்துவிட்டதுபோலத் தெரியும். இந்த ஆட்டத்தை அடக்கத்தான் வரம்பு.

ஆனால் இந்த வரம்பு யார் தலையில் விழுகிறது என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தெருவில் முன்பின் தெரியாதவன் ஒருவரை 52 தடவை அடிப்பதில்லை. திரும்பத் திரும்ப அடிப்பவன் பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவன், இல்லை தெரிந்தவன். ஆக, எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்தாலும் வெட்டு விழுவது அதிகமும் பெண்கள் சொன்ன பதிலில்தான். சில்வியா வால்பி, ஜூட் டவர்ஸ், பிரையன் பிரான்சிஸ் மூவரும் அந்த வரம்பை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டு 2016ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வன்முறைக் குற்றங்களின் எண்ணிக்கை சுமார் 60 சதவீதம் கூடியது. அதைவிட முக்கியம், 2009க்குப் பிறகு வன்முறை குறையவில்லை, கூடியிருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கூடுதலுக்குக் காரணம் பெண்கள் மீதான வன்முறையும் குடும்ப வன்முறையும். வரம்பு எண்ணைக் குறைத்ததோடு நிற்கவில்லை. கதையின் திசையையே மாற்றியிருக்கிறது.

2019ல் புள்ளிவிவர அலுவலகம் இந்த 5ஐக் கைவிட்டது. இப்போதும் வரம்பு உண்டு, ஆனால் பதில்களில் மிக அதிகமான 2 சதவீதத்தை மட்டும் தொடும்படி மேலே ஏற்றியிருக்கிறார்கள். பழைய ஆண்டுகளின் கணக்கையும் திருத்தினார்கள். இது நல்ல திருத்தம், ஆனால் ரொம்பத் தாமதம்.

வேறு ஓட்டைகளும் உண்டு. குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளுக்கு, கேட்க வந்தவர் பார்க்காதபடி லேப்டாப்பில் தானே பதில் போடும் ஒரு பகுதி இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாததைப் பலர் அங்கே சொல்கிறார்கள். ஆனால் 2017 வரை அந்தப் பகுதி 59 வயதோடு முடிந்துவிடும். அறுபதைத் தாண்டிய பெண்ணிடம் அந்தக் கேள்வியே போகவில்லை. அதோடு, இது வீடுகளில் இருப்பவர்களிடம் எடுக்கும் சர்வே. அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிக் காப்பகத்தில் இருப்பவரின் கதவை யாரும் தட்டுவதில்லை.

அப்போ இதுல கலந்துக்கிறது வீண்தானே என்று கேட்டால், என் பதில்: இல்லை. அந்த மூன்று பேர் புதிதாக யாரையும் பேட்டி எடுக்கவில்லை. "52" என்று சொன்ன பதில் மூல டேட்டாவில் அப்படியே கிடந்தது. வெட்டு விழுந்தது அட்டவணையில் மட்டும்தான். யாரோ ஒருத்தி தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உண்மையான எண்ணைச் சொன்னதால்தான் பிறகு அந்தத் திருத்தம் சாத்தியமானது. 'நாலஞ்சு தடவை' என்று அவள் மழுப்பியிருந்தால், எந்த ஆராய்ச்சியாளராலும் அதைத் தோண்டி எடுத்திருக்க முடியாது.