தேம்பாவணி காட்டும் இல்லறம்

தமிழ்க் கத்தோலிக்கர் பெருமையோடு பெயர் சொல்லும் நூல்களுள் தேம்பாவணிக்கு முதலிடம் உண்டு. பங்கு விழா மேடையிலும் பட்டிமன்றத்திலும் அதன் பெயர் தவறாமல் ஒலிக்கிறது. 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளார், வீரமாமுனிவராகத் தமிழ் மண்ணில் வேரூன்றி, 1726ஆம் ஆண்டில் மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியத்தைப் படைத்தார் என்பது வியப்புக்குரியதே. ஆயினும் அந்த வியப்போடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். பாராட்டுவதற்கு ஒரு நூல், படிப்பதற்கு வேறு நூல் என்று பிரித்துவிட்டோம். அந்நியர் ஒருவர் தமிழில் பாடினார் என்ற சிறப்பைத் தாண்டி, அவர் என்ன பாடினார், அது நம் வீட்டுக்கு எதற்கு உதவும் என்று கேட்பவர் குறைவு. இக்கட்டுரை அக்கேள்வியை எழுப்ப முற்படுகிறது.

காப்பியத் தலைவர் யார் என்பதிலிருந்தே தொடங்கலாம். தன்னேரில்லாத் தலைவனைப் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. அத்தலைவன் பெரும்பாலும் அரசன். போரும் வெற்றியும் முடியும் அவனுக்கு உரியவை. முனிவரோ நாசரேத்தூர்த் தச்சரான புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்ற பொருள் உண்டாதலின், வளன் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார். தாவீதின் குலத்தில் வந்தவரேனும் வளனுக்கு அரியணை இல்லை, படை இல்லை. அவருக்கு இருந்தவை ஒரு வீடு, ஒரு தொழில், ஒரு மனைவி, ஒரு மகன். நற்செய்தி நூல்களில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வெளிவரவில்லை. பேசாத ஒருவரை நடுவில் நிறுத்தி மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடுவதென்றால், வீட்டுக்குள் நிகழ்வனவற்றையே காப்பியப் பொருளாக்க வேண்டும். முனிவர் அத்துணிவைக் கொண்டார். ஆகிர்தா நகர் மரியாள் என்னும் ஸ்பெயின் நாட்டுக் கன்னித்துறவி பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூலை ஒட்டிக் கதை அமைந்தாலும், அதைத் தமிழ் இல்லத்தின் மொழிக்குள் கொண்டுவந்தது முனிவரின் சாதனை. யூதேயா நாட்டையே அவர் நெல்லும் தாமரையும் நிறைந்த மருத நிலமாகத்தான் காண்கிறார்.

ஐயமும் அமைதியும்

காப்பியத்தின் உயிர்நிலை ஐயந்தோற்று படலத்திலும் ஐயநீங்கு படலத்திலும் இருக்கிறது என்பது எம் கருத்து. மத்தேயு நற்செய்தி சில வசனங்களில் சொல்லி முடிப்பதை முனிவர் இரண்டு படலங்களாக விரித்திருக்கிறார். மணமான மனைவி கருவுற்றிருப்பதைக் கணவர் காண்கிறார். அவள் தூய்மையை அவர் அறிவார். கண்முன் நிற்பதையும் மறுக்க இயலாது. கண்ட காட்சிக்கும் கொண்ட அன்புக்கும் நடுவே அவர் உள்ளம் கிழிபடுகிறது. போர்க்களம் இல்லாத காப்பியத்தில் இதுவே போர்க்களம்.

தமிழ்க் காப்பிய வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புலப்படும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஆராயாமல் தீர்ப்பளிக்கிறான். ஓர் உயிர் போகிறது, ஒரு நகரம் எரிகிறது. கம்பன் காவியத்தில் மீட்சிக்குப்பின் சீதை பலர் முன்னிலையில் கடுஞ்சொல் கேட்டுத் தீப்புக நேர்கிறது. இவற்றைக் கற்றுத் தோய்ந்த முனிவர், தம் தலைவனின் ஐயத்தை அவைக்குக் கொண்டுவரவில்லை. உறவினரைக் கூட்டவில்லை, ஊராரிடம் முறையிடவில்லை. மோசே வழிவந்த சட்டம் கணவனின் கையில் பெரும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. வளன் அதைப் பயன்படுத்த மறுக்கிறார். தாமே விலகிச் செல்லலாம் என்று எண்ணுகிறார். பழி வருமாயின் தம் மேல் வரட்டும் என்பதே அம்முடிவின் உட்பொருள். பின்னரே வானதூதர் வழியாக உண்மை விளங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இப்படலங்களை மரியாவின் பொறுமைக்கு மட்டும் சான்றாக எடுத்து, பெண்கள் எதையும் வாய் திறவாமல் தாங்க வேண்டும் என்று போதிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது காப்பியத்தைப் பாதி படித்ததன் விளைவு. இங்கே பெரிதும் அடக்கம் காப்பவர் அதிகாரம் உடையவர். தண்டிக்க உரிமை பெற்றவரே நாவைக் கட்டுகிறார், கையையும் கட்டுகிறார். நம் இல்லங்களில் நடப்பது என்ன? ஐயம் தோன்றிய மறுநாளே மாமியார் அறிவார். அடுத்த நாள் தெரு அறியும். அதற்கு முன்பே கை ஓங்கப்பட்டிருக்கும். திருமணத்தில் பெண்கள்மீது நிகழும் வன்முறையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் வெளிப்படையாகக் கண்டித்தார். முனிவர் அதே அறத்தை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கணவனின் மனப் போராட்டமாக வடித்திருக்கிறார் என்பதை நம் ஆடவர் உணர வேண்டும்.

வழிநடையும் தாயிழப்பும்

ஏரோதின் வாளுக்கு அஞ்சித் திருக்குடும்பம் இரவோடு இரவாக நாடு நீங்குவதைப் பைதிரம் நீங்கு படலம் கூறுகிறது. பைதிரம் என்றால் நாடு. எகிப்துக்குச் செல்லும் நெடுவழியில் யோசுவா முதலான முன்னோர் வரலாறுகள் ஊடாகச் சொல்லப்படுகின்றன. கதையோட்டத்தை இவை தடுக்கின்றன என்று குறை கூறுவோர் உண்டு. குறை உண்மையே, சில இடங்களில் தலைவரையே மறந்துவிடுகிறோம். எனினும் இந்த அமைப்பில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. வீடு இழந்த குடும்பம் தன் மக்களின் பழங்கதைகளை உடன் எடுத்துச் செல்கிறது. கடவுள் அன்று நம்மோடு இருந்தார் என்ற நினைவே இன்று நடப்பதற்கு ஆற்றல் தருகிறது. வளைகுடா நாட்டில் கணவரும் சொந்த ஊரில் மனைவியுமாகவும், பிழைப்புக்காகப் பெருநகர் சேர்ந்தும் வாழும் நம் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்கின்றன? மறைக்கல்வி ஆசிரியரிடம் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒப்படைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். திருவிவிலியம் முதலில் வீட்டில் சொல்லக் கேட்க வேண்டிய கதை என்பதை இவ்வழிநடைப் பகுதி நினைவூட்டுகிறது.

திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர் கருணையன். கானகத்தில் தாய் எலிசபெத்துடன் வாழும் சிறுவன் அவன். தாய் இறக்கிறாள், அவளை மண்ணில் கிடத்திவிட்டு அவன் புலம்புகிறான். இப்பகுதி 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. ஆகவே சமயம் கடந்து பல மாணவர் அறிந்தது. அப்புலம்பலின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இறைவாக்கினனாக வரப்போகும் ஒருவன் அங்கே இறையியல் பேசவில்லை. காட்டில் எந்த வழியே போவது, பசிக்கு என்ன செய்வது, இனி எப்படிப் பிழைப்பது என்று தெரியாமல் தவிக்கிறான். மழை காணாப் பயிர்போல வாடுகிறான். அவனோடு காடே கலங்குவதாகப் பாடுகிறார் முனிவர். விசுவாசம் உடையோர் அழக்கூடாது என்று இழவு வீட்டில் ஆறுதல் கூறப் புறப்படும் நாம், கண்ணீருக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஒரு குருவானவரிடம் பாடம் கற்கலாம்.

நோய்ப்படுக்கை

மூன்றாம் காண்டத்தில் பிணி தோற்று படலம் வருகிறது. வளன் நோயுற்றுத் தளர்கிறார். மரியாவும் மைந்தரும் அவரைப் பேணுகின்றனர். நன்மரணத்தின் பாதுகாவலராகச் சூசையப்பரைத் திருச்சபை போற்றுவது இப்படுக்கையை எண்ணியே. நாமோ அவரிடம் நன்மரணத்தைக் கேட்கிறோம். அந்த மரணம் எப்படி நன்மரணம் ஆயிற்று என்று எண்ணுவதில்லை. அருகில் இருவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் மகன். நம் வீடுகளில் முதியோரைத் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் மருமகளின் வேலை. மகன் மருத்துவருக்குப் பணம் கட்டுவான், வாசலில் நின்று நலம் விசாரிப்பான். இறைமகனே தந்தையின் கட்டிலருகே நின்றார் என்று பாடும் காப்பியம் நமக்குச் சொந்தமாக இருந்தும், நோயாளியின் பணிவிடை ஆணுக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

குறைகளும் உண்டு

புகழ்ந்து முடித்துவிட்டால் அது திறனாய்வு ஆகாது. முதற்குறை, ஈரறம் பொருத்து படலத்தைப் பற்றியது. கன்னிமை காக்க நேர்ந்துகொண்ட இருவர், அதை ஒருவருக்கொருவர் வெளிப்படுத்தி, துறவறத்தையும் இல்லறத்தையும் ஒருங்கே மேற்கொள்கின்றனர். இருவர் உள்ளம் திறந்து பேசி ஒரு முடிவுக்கு வருவது எல்லாத் தம்பதியர்க்கும் உரிய பாடம். ஆனால் உடலும் உள்ளமும் இணையும் பொதுவான இல்லறத்தின் தூய்மையைப் பாட இக்காப்பியத்தில் இடம் போதவில்லை. திரிதெந்தீன் சங்கத்துக்குப் பிந்திய காலம் துறவையே மேற்படியில் வைத்தது. முனிவர் அக்காலத்தின் பிள்ளை. கணவன் மனைவி அன்பையே அருள் வழியாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் எடுத்துரைத்தபின் வாழும் நாம், இப்படலத்தைப் படித்து நம் இல்லறம் இரண்டாந்தரமானது என்று எண்ண வேண்டியதில்லை. திருக்குடும்பத்தை நாம் பின்பற்ற வேண்டியது அதன் தனிச்சிறப்பான நேர்ச்சையில் அன்று. ஒருவரையொருவர் நடத்திய முறையில்.

இரண்டாவது குறை, அணிகளின் மிகுதி. வளனைக் காப்பியத் தலைவராக்கும் ஆர்வத்தில் முனிவர் மணியும் பொன்னும் மலரும் அள்ளிச் சொரிகிறார். இறுதிப் படலத்தில் விண்ணகத்தில் முடியும் சூட்டுகிறார். இவ்வொளியில் பட்டறையின் மரத்தூள் பல இடங்களில் கண்ணுக்குப் படுவதில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டில் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக அறிவித்தார். அந்த விழாவின் சூசையப்பரைத் தேம்பாவணியில் தேடுவோர்க்கு ஓரளவு ஏமாற்றமே. வாரக் கூலியை எண்ணி அரிசி வாங்கும் குடும்பத் தலைவன், இக்காப்பியத்தில் தன் முகத்தைக் காண்பதற்குப் பல உவமைகளை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனினும் ஒன்று தெளிவு. முனிவர் எங்கே அணிகளை மறந்து மனத்தை நோக்குகிறாரோ, அங்கே காப்பியம் உயர்ந்து நிற்கிறது. ஐயுறும் கணவன், தாயை இழந்த பிள்ளை, நோயுற்ற முதியவர்: இம்மூவரும் எந்தத் தெருவிலும் உள்ளவர்கள். இவர்களைப் பாடும்போது அவர் மொழி நம் மொழியாகிறது. குடும்பம் ஓர் இல்லத் திருச்சபை என்று திருச்சங்கம் கூறியதை மேற்கோளாக ஒப்பிப்பது எளிது. அத்திருச்சபையில் ஐயம் வந்தால் என் செய்வது, இழப்பு வந்தால் எப்படி அழுவது, நோய் வந்தால் யார் விழித்திருப்பது என்ற வினாக்களுக்கு விடை தேடுவோர் இந்நூலைத் திறக்கலாம்.

மார்ச் மாதம் முழுவதையும் சூசையப்பருக்கு ஒப்புக்கொடுக்கிறோம். அம்மாதத்தில் குடும்பச் செபமாலைக்குப்பின் நாளுக்கு ஐந்து பாடல்களை உரையோடு படித்தாலும் ஐயப் படலங்களின் பெரும்பகுதியை அறிந்துகொள்ளலாம். வீட்டில் தந்தையே அதைப் படிப்பது நன்று. கடுஞ்சொல் ஒன்று நாவின் நுனிக்கு வரும் நாளில், அந்தப் பாடல்கள் அவர் நினைவுக்கு வரக்கூடும்.