பயிற்று மொழியும் பாடமொழியும்

மொழிச் சிறுபான்மையோர் குழந்தைகளின் கல்வி பற்றிய வாதங்களில் இருவேறு பொருள்கள் ஒன்றென மயங்கக் காண்கிறோம். ஒரு மொழியைப் பாடமாகக் கற்பித்தல் ஒன்று. அம்மொழி வாயிலாகப் பிற பாடங்களைக் கற்பித்தல் மற்றொன்று. இவ்வேறுபாடு தெளிந்தாலன்றி வழக்கின் உண்மை புலப்படாது.

1956ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பிற் சேர்ந்த 350-அ பிரிவு, இக்குழந்தைகள் தொடக்க நிலையில் தாய்மொழி வாயிலாகக் கற்கப் போதிய வசதியளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. அது கூறுவது பயிற்று மொழியையே. எனினும் ‘வசதி’, ‘முயற்சி’ என்னுஞ் சொற்கள் உரிமையின் வலிமை உடையன அல்ல. 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு வகுத்த அளவோ வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் என்பது. 9 பேர் பயிலும் வகுப்பில் குழந்தையின் தேவை குறைந்துவிடுமோ?

தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழை முதற் பகுதிப் பாடமாக்கியது. தமிழும் ஆங்கிலமும் தாய்மொழியல்லாதார் தம் மொழியை நான்காம் பகுதியில் விருப்பப் பாடமாகக் கற்கலாம் என்றது. இச்சட்டம் வகுப்பது பாடமொழியையே. ஆதலின், தமிழ் கற்பதனாலேயே தாய்மொழிவழிக் கல்வி அழியும் என்பார் கூற்றுப் பொருந்தாது. விருப்பப் பாடம் ஒன்றனாலேயே 350-அ பிரிவு நிறைவேறிற்று என்பார் கூற்றும் அவ்வாறே பொருந்தாது. இருசாரார் பிழைக்கும் மயக்கம் ஒன்றே.

பயிற்று மொழியின் இன்றியமையாமையை எழுத்தறிவின் தொடக்கத்திற் காணலாம். தெலுங்கில் ‘கல்’ என்பதன் ககரம்போல ஒலித்துத் தொடங்கும் ‘காலி’ காலுக்குரியது எனப் பொருள்படும். ‘தங்கம்’ என்பதன் ககரம்போல ஒலித்துத் தொடங்கும் ‘காலி’ காற்றைக் குறிக்கும். தமிழில் ககரத்தின் ஒலி இடம் நோக்கி அமைதலின் ஓரெழுத்தே போதும். இது நம் எழுத்தின் குறையன்று, சிறப்பே. ஆனால், தெலுங்குக் குழந்தை பொருள் வேறுபடுத்திக் கேட்ட இரண்டொலிகள் ஈண்டு ஓரெழுத்தில் அடங்கிவிடுகின்றன. அறியாச் சொல்லையும் பொருந்தா எழுத்தையும் ஒருங்கே சுமக்கும் குழந்தைக்குக் கணக்கும் அம்மொழியிலேயே வருமாயின் சுமை மும்மடங்காகும். முதலெழுத்தும் எண்ணும் தாய்மொழியில் அமைய, தமிழ் பேச்சுவழித் தொடங்கிப் பாடமாக வளர்தலே முறை.

இம்முறை நமக்கும் உரியது. 1956இல் கேரளத்துடன் அமைந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குழந்தைகள் உளர். கேரளமும் 2017இல் மலையாளம் கற்றலைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. அக்குழந்தைகள் மலையாளத்தைப் பாடமாகக் கற்றல் நன்று. தமிழ்வழி வகுப்பை இழத்தல் தீது என்போம். எல்லைக்கு அப்பால் வேண்டும் நீதியை எல்லைக்குள் மறுப்பது தமிழுக்குப் பெருமையன்று. இரண்டிடத்தும் ஓரளவுகோலே கொள்ளத்தக்கது என்பது எம் துணிபு.