பால்மா டின்னில் பெட்டூனியா

அப்புத்தளையில் லிப்டன் சீட்டுக்கு ஏறுகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். மூடுபனி வருமுன் உச்சிக்குப் போய்விட வேண்டும். இறங்கும்போதாவது வழியிலுள்ள லயங்களைப் பாருங்கள். இஸ்தோப்பு ஓரத்தில், அடியில் ஆணியால் துளை போட்ட பால்மா டின்னில் பெட்டூனியா பூத்திருந்தால், வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிட்டப் போங்கள்.

முதலில் இலையைத் தொடுங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். பொடிப்பூச்சிகள் சிக்கிச் செத்திருக்கும். உருளைக்கிழங்கு, தக்காளி, புகையிலைக் குடும்பத்துச் செடி இது. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கைக் கருக்குகிற வெளிறல் நோய் இதற்கும் வரும். ஆகவே கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

அடுத்து நிறம். ஊதாவில் வெள்ளைப் பட்டை நட்சத்திரமாய் விழுந்த ரகம் கிடைத்தால் ஒரே செடியின் பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டையின் அகலம் பூவுக்குப் பூ மாறும். வெள்ளை விழுந்த இடத்தில் நிறமி செய்யும் மரபணுவைச் செடியே அடக்கி வைத்திருக்கிறது. 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஊதாவை இன்னும் கறுப்பாக்க அதே மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். பல செடிகளில் பூ வெள்ளையாகப் பூத்தது! மரபணு அடங்கும் விதத்தை உலகம் புரிந்துகொள்ள அந்தப் பூக்களும் ஒரு காரணம்.

வாசத்துக்குப் பொழுது சாய வேண்டும். பெட்டூனியாவின் தென்னமெரிக்க மூதாதைகளில் ஊதாவைப் பகலில் தேனீ நாடும். வெள்ளை, அந்திப் பூச்சிகளுக்காக இருட்டும் நேரத்தில் மணக்கும். இன்றைய கலப்பினங்களிலும் பல வெள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. காற்று அடங்கிய பிறகு மூக்கைக் கொண்டுபோங்கள்.

அடுக்கு இதழ் ரகத்தைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அது இந்த ஊருக்கு ஒத்துவராத ஆடம்பரம். ஒரு மழைக்கே நைந்து தொங்கிவிடும். சின்னப் பூவாய், ஒற்றை இதழாய் இருப்பதுதான் மறுநாள் வெயிலில் நிமிரும்.

நன்றாகப் புதர் கட்டிய செடியின் கிளைகளை விலக்கிப் பாருங்கள்: நுனி கிள்ளிய தழும்புகள் தெரியும். கொழுந்தெடுக்கிற கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிள்ளிய இடத்துக்குக் கீழே புதுக் கிளைகள் வரும், கிளைக்குக் கிளை பூ. செடி நீண்டு மொட்டையானால் பாதிக்குக் கவ்வாத்து வெட்டி, கொஞ்சம் எரு போட்டால் மறுபடி தழைக்கும். கேட்டால் ஒரு நுனி தருவார்கள். பூவையும் கீழ் இலைகளையும் உருவிவிட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.