கோவலன் வழக்கும் அயலாரை வெளியேற்றும் ஆணையும்

ஆட்சியில் தவறிய வேந்தனை அறமே அழிக்கும் என்பது சிலப்பதிகாரம் நிறுவ விழையும் மூன்று உண்மைகளுள் ஒன்றாகும். இதற்குச் சான்றாக அமைவது பாண்டியன் நெடுஞ்செழியனின் வீழ்ச்சி. அவன் தவறினான் என்பதில் ஐயமில்லை. அவனே தன் பிழையை ஒப்பி உயிர்நீத்தான். ஆயின், அவன் செய்த பிழைதான் யாது? அஃது எவ்விடத்தே தொடங்கிற்று? இவ்வினாவிற்கு விடை கூறுவாருள் பலர் ஊழினைச் சுட்டுவர். சிலர் பொற்கொல்லனின் வஞ்சத்தைச் சுட்டுவர். கொல்லுதற்குக் கொண்டுவருக எனக் கருதிய வேந்தன், நாப்பிறழ்ந்து, கொன்று சிலம்பைக் கொண்டுவருக எனக் கூறிவிட்டான் என்பது உரைமரபில் வழங்கும் விளக்கம். இம்மூன்றும் ஒருவாறு பொருந்துவனவே. எனினும், இவற்றுள் அடங்காத ஒன்று காப்பியத்தில் உண்டு என்பது எம் கருத்து. அயல்நாட்டாரை வெளியேற்றும் அரசின் ஆற்றல் பற்றிய இக்காலச் சட்டத்தை அருகில் வைத்து நோக்குங்கால் அது நன்கு விளங்கும். உறவும் சான்றும் அற்ற அயலான்மீது அரசு தன் முழு ஆற்றலையும் செலுத்துமுன் செய்யவேண்டுவது யாது என்பதே இரண்டிற்கும் பொதுவாகிய வினா.

கோவலன் சோழநாட்டான், மதுரைக்கு அயலான். அவனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் முதற்கண் தங்கியது மதிலுக்கு வெளியேயுள்ள புறஞ்சேரியில். அடிகள் அவர்களை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். ஆயினும் மதுரை அயலாரை வெறுத்த நகரமன்று. ஊர்காண் காதையில் கோட்டை வாயிலைக் காத்து நிற்போர் வாளேந்திய யவனர். அவ்யவனர் ஐயுறாதவாறு கோவலன் நகரினுள் புகுகின்றான். அயல்நாட்டாரைத் தன் வாயிற்காவலுக்கே அமர்த்திய நகரம், அயலான் ஒருவன் தடையின்றி நுழையக்கூடிய நகரம் என இளங்கோவடிகள் மதுரையைக் காட்டுவது நோக்கத்தக்கது. ஆகவே, கோவலனைக் கொன்றது அயலார் மேலுள்ள பகையன்று. பகையின்றியும் அயலான் அழியலாம் என்பதே காப்பியம் உணர்த்தும் செய்தி.

கொலைக்களக் காதையில் வேந்தன் விடுத்த ஆணையை உற்று நோக்குவோம். சிலம்பு கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்பது அவ்வாணையின் பொருள். இதில் 'ஆகில்' என்னும் ஒரு சொல் உளது. பலரும் இதனைக் கடந்து சென்றுவிடுவர். ஆணை கட்டற்றதன்று, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிபந்தனை நிறைவேறியதா எனத் தேர்பவர் யாவர்? வேந்தன் எவரையும் அதற்கு அமர்த்தவில்லை. காவலரொடு சென்றவன் குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனே. எனவே, குற்றம் சாட்டியவனே குற்றத்தைத் தேர்பவனும் ஆயினான். ஆணையில் நிபந்தனை இருந்தும் அது பயனற்றதாயிற்று. ஆணையிடும் இடத்தே வேந்தனைத் 'தேரான்' என்று அடிகள் குறிக்கின்றார். வழக்குரை காதையில் அவைபுகுந்த கண்ணகி அவனை அழைக்கும் முதற்சொல்லும் 'தேரா' என்பதே. புலவர் கூற்றும் பாத்திரத்தின் கூற்றும் ஒரே வேர்ச்சொல்லில் வந்து பொருந்துதல் தற்செயலன்று. வினை விளையும் காலம் வந்தது எனக் கூறும் தொடரிலேயே, தேராமையும் கூறப்படுகின்றது. ஊழைக் கூறிய பின்னரும் குற்றத்தை வேந்தன் மேலிருந்து அடிகள் நீக்கவில்லை.

இனி, ஆணையைக் கைக்கொண்ட காவலர் செய்தது யாது? கோவலனைக் கண்டவுடன் அவருள் ஐயம் எழுந்தது. இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்று என்றனர். அவ்வையத்தைப் பொற்கொல்லன் கள்வர் கையாளும் எண்வகைத் துணைகளை எடுத்துரைத்து மாற்றுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து எனத் தொடரும் அப்பட்டியலில் கோவலனைப் பற்றிய சான்று ஒன்றுமில்லை. பின்னர் இளைஞன் ஒருவன், மழைபெய்யும் இருளில் தான் எதிர்ப்பட்ட வேறொரு கள்வன் கதையைக் கூறுகின்றான். அதிலும் கோவலன் இல்லை. பொதுவான அச்சமும் வேறொருவன் கதையும் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இறுதியில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசினான். மேலிடத்து ஆணையில் தேர்வு இன்றேல், கீழிடத்தில் அது களிமகன் கையில்தான் சென்று முடியும்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றைக் கட்டுரை காதையில் அடிகள் வைத்துள்ளார். மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் வார்த்திகன் வரலாறே அது. சேரவேந்தனிடம் பெருஞ்செல்வம் பெற்று மீண்ட பராசரன், பாண்டிநாட்டுத் தங்காலில் வார்த்திகன் மகன் தக்கிணாமூர்த்தியின் மறையோதும் திறம் கண்டு அணிகலன்களை அளித்தான். அவற்றைக் கண்ட அரசப் பணியாளர், வார்த்திகன் புதையல் கவர்ந்தான் எனக் கருதிச் சிறையிலிட்டனர். இங்கும் ஓர் அணி. இங்கும் பொய்யான ஐயம். இங்கும் பாண்டிய அரசே. ஆனால் வார்த்திகன் மனைவி கார்த்திகை புலம்பினாள். ஐயை கோயிற்கதவம் திறவாதாயிற்று. வேந்தன் காரணம் வினவினான். உண்மை அறிந்து வார்த்திகனை விடுவித்து, பிழைபொறுக்க வேண்டி, தங்காலையும் வயலூரையும் அளித்தான்.

இவ்வரலாறு பாண்டியனின் செங்கோலைப் புகழவந்த கிளைக்கதை என்று மட்டும் கொள்வோர் உளர். அக்கருத்து நிறைவுடையதன்று. இரு வழக்குகளையும் ஒப்பிட்டுக் காணுமாறே அடிகள் இதனை ஈண்டு வைத்தார் எனல் வேண்டும். வேறுபாடு இரண்டு. வார்த்திகனுக்கு ஊர் இருந்தது. அவனுக்காக அழுத குரல் அவ்வூரில் எழுந்தது. கோவலனுக்காக அழவேண்டியவள் ஆயர் சேரியில் ஒன்றும் அறியாது இருந்தாள். அன்றியும், வார்த்திகன் பெற்றது சிறை, அதனை மீட்கலாம். கோவலன் பெற்றது இறப்பு, அதனை மீட்கவியலாது. பிழை எவ்வரசுக்கும் நேரும். திருத்த இயலாத செயலுக்கு முன்னர்த் தேர்தல் இல்லையேல், அப்பிழை கொடுங்கோலாகி விடுகின்றது.

இக்கருத்தோடு இக்காலச் சட்டத்தை நோக்குவோம். 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம், எந்த அயல்நாட்டாரும் இந்தியாவில் தங்கலாகாது என ஆணையிடும் ஆற்றலை நடுவணரசுக்கு அளித்தது. மேற்கு ஜெர்மனி நாட்டினர் ஒருவர் பற்றிய ஹான்ஸ் முல்லர் வழக்கில், 1955ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்வாற்றலை வரம்பற்றது எனவும், அரசியலமைப்பில் அதற்குத் தளையில்லை எனவும் கூறிற்று. 1937 முதல் இந்தியாவில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டுச் சமயத் தொண்டராகிய லூயி டி ரெட் வழக்கில், 1991ஆம் ஆண்டு இதே நெறி உறுதிசெய்யப்பட்டது. உயிரும் உடலுரிமையும் காக்கும் 21ஆம் உறுப்பு அயலாருக்கும் உரியது. ஆனால் இங்குத் தங்கி வாழும் உரிமை குடிமக்களுக்கே உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவர் தரப்பைக் கேட்கும் முறை பற்றித் திட்டமான விதி ஏதும் இல்லை என்றும் அதில் கூறப்பட்டது. அரசுக்கு இவ்வாற்றல் வேண்டும் என்பதை யாமும் மறுக்கவில்லை. எல்லையுடைய நாடு எதற்கும் இது வேண்டுவதே. ஆற்றலின் பெருமையன்று எம் கவலை. அதன்முன் நிற்கும் 'ஆகில்' யார் கையில் உள்ளது என்பதே.

அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒருவர் அயல்நாட்டார் அல்லர் என மெய்ப்பிக்கும் பொறுப்பை அவர்மீதே வைத்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டமும் இப்பொறுப்பை மாற்றவில்லை. சிலம்பின் கதையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு கண்ணகிமேல் வீழ்ந்தது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், தேவியின் சிலம்பில் முத்து என்றான் வேந்தன், உடைத்துக் காட்டினாள். மற்றைச் சிலம்பு அவள் கையில் இருந்தமையால் இது கூடிற்று. அஃது இல்லாதிருந்தால், கோவலன் என்றும் கள்வனாகவே எண்ணப்பட்டிருப்பான். தீயிலும் போரிலும் கடலிலும் தம் சான்றிதழ்களை இழந்தோர் கையில் மற்றைச் சிலம்பு ஏது? 2024 ஜூலையில் அஸ்ஸாம் மாநில வழக்கொன்றில், ஐயத்திற்குரிய அடிப்படையை அரசே முதற்கண் காட்டுதல் வேண்டும், வெறுங்குற்றச்சாட்டு அப்பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றாது என உச்ச நீதிமன்றம் கூறியது. பொற்கொல்லன் சொல்லே போதாது என்னும் நெறியாகவே இதனைக் கொள்கின்றோம்.

இவ்வழக்கு தமிழர்க்கு அயலான வழக்கன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. பிறந்த மண்ணைவிட்டு வந்தவரைத் 'தாயகம் திரும்பியோர்' என வழங்கினர். சொல் இனிது, செயல் மக்களைத் தொகையாக எண்ணியது. 1983க்குப்பின் போரினால் வந்தோருக்கு மதுரையைச் சூழ்ந்து ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் முகாம்கள் அமைந்தன. அம்முகாம்களின் பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது.

இம்மக்களுள் இந்திய வமிசாவளியினர் சிலர் குடியுரிமை வேண்டித் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்தம் விண்ணப்பங்களை ஏற்று ஆராயுமாறு அரசுக்கு ஆணையிட்டது. குடியுரிமை வழங்குக என்று அது கூறவில்லை; தேர்ந்து முடிவு செய்க என்றே கூறிற்று. நெடுஞ்செழியன் செய்யாது விட்ட ஒன்றை, அவன் ஆண்ட நகரில் ஒரு நீதிமன்றம் வேண்டியதாக இதனைக் கருதுகின்றோம். 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டின்மை பற்றிய தண்டனையினின்று 2025 செப்டம்பரில் நடுவணரசு விலக்கியதும் நன்றே. ஆயின் விலக்கு அருளாகுமேயன்றி உரிமையாகாது. அருள் இன்று வரும், நாளை மீளும்.

ஈண்டு ஒரு தடை எழும். கோவலன் பெற்றது கொலைத்தண்டனை. வெளியேற்றமோ தண்டனையன்று, ஒரு நிருவாகச் செயல் மட்டுமே. இரண்டினையும் ஒப்பிடுதல் பொருந்துமோ எனலாம். சட்டநூலார் இவ்வேறுபாட்டைப் போற்றுவர். ஆனால் இவ்வேறுபாடே இடர்க்கு வாயிலாகின்றது. தண்டனை எனின் குற்றம் மெய்ப்பிக்கப்படவேண்டும். வெளியேற்றம் எனின் அது வேண்டா. செல்லும் நாட்டில் ஒருவருக்கு உயிர்க்கேடு உளதாயின், பெயர் வேறாயினும் பயன் ஒன்றே. பின்னர்த் திருத்தவும் இயலாது. 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில், குடிமக்கள் அல்லாதார் உயிரையும் காப்பது அரசின் கடமை என உச்ச நீதிமன்றம் கூறியது இக்கருத்திற்கு அரண் செய்யும். 2025 மே திங்களில், தண்டனைக் காலம் முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் தம் உயிர்க்கு அஞ்சி முறையிட்டபோது, இந்நாடு உலகோர் அனைவரையும் ஏற்கும் தருமசத்திரம் அன்று என நீதிபதி கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. மங்கம்மாள் சத்திரத்தைத் தன் நடுவே கொண்ட ஊரினராகிய நாம், சத்திரத்திலும் இடமில்லை எனச் சொல்லும் உரிமை உண்டு என்பதை அறிவோம். திருப்பி விடுமுன், வந்தவனை வெளியில் காத்திருப்பது யாது என வினவுதலே நாம் வேண்டுவது.

நெடுஞ்செழியனிடம் கற்கவேண்டுவது அவன் தவறு ஒன்றேயன்று. மாணிக்கப் பரல் தெறித்தபோது, வரம்பற்ற ஆற்றல் எமக்கு உண்டு என அவன் வாதிடவில்லை. கள்வனைக் கொல்லுதல் அரச நீதி என்று முன்னர்த் தான் கூறிய விதியின்பின் ஒளியவும் இல்லை. அயலாள் ஒருத்தியை வாயிலில் தடுக்காது அவையில் ஏற்றான், அவள் சான்றைக் கேட்டான், கண்டதை ஒப்பினான். இவை யாவும் செங்கோல் முறைமையே. ஒருநாள் முன்னதாகக் கோவலனுக்கு இதனைச் செய்திருந்தால் மதுரை எரிந்திராது. கொலைக்களக் காதைக்கும் வழக்குரை காதைக்கும் இடையேயுள்ள இச்சிறு காலத்தொலைவில்தான் காப்பியத்தின் அரசியல் அறம் முழுவதும் அடங்கியுள்ளது என்பது எம் துணிபு.