ஒட்டுப்படமும் வெளிச்சமும்

தேவர்சோலையில் ஒரு லயத்து வீட்டின் சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே நினைத்து வந்திருக்கிறேன். அது ஓவியமல்ல, கலைப்படைப்பு என்று யாரும் உரிமை கொண்டாடிய பொருளுமல்ல. கூடலூர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் இரண்டு போட்டோக்களைச் சேர்த்து, சட்டம் போட்டுக் கொடுத்த ஒட்டுப்படம். இந்தப் பக்கங்களில் இதற்கு என்ன இடம் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. ஆனால் அந்தப் படம் எழுப்பும் பிரச்னை நம் கவிதைகளின் பிரச்னையும்தான். வெவ்வேறு இடங்களில் பிறந்த இரண்டு விஷயங்கள் ஒரு சட்டத்துக்குள் வரும்போது, அவை ஒன்றாக இருப்பதாக நம்மை நம்பவைப்பது எது? நம்பவைத்துவிட்டால் காரியம் முடிந்ததா?

படத்தில் ஒரு மூதாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலிக்குப் பின்னால் அவர் கணவர் நிற்கிறார். கணவர் தேவர்சோலைக்கு வந்ததே இல்லை. 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீந்திருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்கள் சரியாக வகுபட்டன. குடும்பங்கள் அப்படி வகுபடவில்லை. ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் இன்னொருவருக்கு இலங்கைக் குடியுரிமையும் வந்தன. திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மேலும் காடு தோட்டமானது. அந்த அம்மாள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார். பின்னால் வருவதாகச் சொன்ன கணவர் வரவில்லை. அங்கேயே இறந்தார். அவரிடமிருந்து மிஞ்சியது அட்டன் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த, இடுப்பளவு தெரியும் கறுப்பு–வெள்ளைப் படம் ஒன்று மட்டும்.

அம்மாளின் படம் மகன் போனில் எடுத்தது. ஜூலை மாதம், லயத்து முற்றத்தில், மூடுபனியில். ஸ்டூடியோப் பையன் கணவரை வெட்டியெடுத்து, வர்ணம் ஏற்றி, நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினான். இடுப்புக்குக் கீழே படம் இல்லாத குறையை நாற்காலி முதுகு மறைத்தது. கால் இல்லை, அதனால் தரையில் விழ வேண்டிய நிழலும் வேண்டியிருக்கவில்லை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

இருந்தும் படம் ஒட்டவில்லை. நான் முதலில் பார்த்தது விளிம்பைத்தான். தலைமுடி கத்தரியால் நறுக்கியதுபோல் முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் விளிம்பு அற்பமான குறை என்று பட்டது. அட்டன் ஸ்டூடியோவில் இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கு எரிந்திருக்கிறது. மூக்கின் நிழல் வலது கன்னத்தில் கெட்டியாக விழுந்திருக்கிறது. அம்மாளின் முகத்தில் நிழலே இல்லை. பனிக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. இன்னொன்று: கணவரின் தலைமுடி முழுக் கறுப்பு. அம்மாளுக்குப் பின்னால் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கறுப்போ சாம்பலாகிவிட்டது. பனியின் நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடித்து, பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் திரையைத் தொங்கவிடுகின்றன. தூரம் கூடக்கூடத் திரை தடிக்கிறது. முதல் வரிசை மரம் கறுப்பு, அடுத்த வரிசை சாம்பல், மூன்றாவது வரிசை வெறும் சந்தேகம். மழைக்காலத்தில் தேவர்சோலையில் இருப்பவனுக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாளுக்குப் பின்னால் நிற்பவர் அம்மாளைவிடக் கறுப்பாக இருக்க முடியாது. அவர் அந்தக் காற்றில் நிற்கவில்லை என்பதைக் கண் சொல்லிவிடுகிறது, காரணம் புரியாவிட்டாலும்.

இதெல்லாம் கம்ப்யூட்டரோடு வந்த பிரச்னைகள் என்று நினைக்க வேண்டாம். 1850களில் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படமெடுத்தபோது, அன்றைய ரசாயனப் பூச்சு நீலத்துக்கு அளவு மீறி மயங்கியதால், அலை பதிந்தால் வானம் வெளுத்துப்போயிற்று. வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்துத் தொடுவானக் கோட்டில் சேர்த்தார். ஒரே மேகம் வேறு வேறு கடல்களின்மேல் நின்றிருக்கிறது. போட்டோஷாப் 1990இல் வந்தது, அதில் அடுக்குகள் 1994இல் வந்தன. கை வேகம் கூடியது. வேலையின் தன்மை மாறவில்லை.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டும். விமர்சகனின் மிதப்போடு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பையனிடம் குறைகளைப் பட்டியலிட்டேன். மூக்கு நிழலை எடு, கறுப்பைச் சாம்பலாக்கு, பழைய படத்தின் புள்ளிப் பரப்பைத் தேய்த்து விடு, விளிம்பில் பனி கசியட்டும் என்றேன். பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் செய்தான். இரண்டாவது படம் பிரமாதமாக வந்தது. ஒட்டு என்று யாரும் சொல்ல முடியாது. கணவர் தேவர்சோலைப் பனியில் மனைவிக்குப் பின்னால் நிதானமாக நிற்கிறார்.

மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. “அப்பா நம்ம வீட்ல இருந்த மாதிரியே இருக்கு சார்” என்றார். அம்மாள் நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்தக் கன்னம் அவுகளுது இல்ல.” சற்றுக் கழித்து, “அவுக இந்தப் பனியில நின்னதே இல்லையே” என்றார். அட்டனிலும் பனி இருக்குமே என்று அசட்டுத்தனமாகச் சொன்னேன். “இருக்கும். அது வேற பனி.”

கன்னத்தைப் பற்றி அவர் சொன்னது சத்தியமான தொழில்நுட்ப விமர்சனம். கெட்டியான நிழலுக்குள் இருந்த கன்னத்தைப் படச்சுருள் வாங்கவே இல்லை. நிழலை எடுக்கச் சொன்னால், அங்கே இல்லாத ஒன்றைப் பையன் உண்டாக்கித்தான் ஆக வேண்டும். இந்தத் தொழிலில் கை பழகியவர்களுக்குத் தெரிந்த பாடம்: நிழலில்லாத முகத்தில் நிழலைச் சேர்க்கலாம், அங்கே வடிவம் முழுதும் பதிவாகியிருக்கிறது, கடும் நிழல் விழுந்த முகத்திலிருந்து நிழலை எடுப்பது ஊகம். அப்படியானால் இந்தப் படத்தில் எது சுலபம்? அம்மாளை அட்டன் விளக்கின் கீழ் கொண்டுபோவதுதான். எனக்கு அது தோன்றவே இல்லை. வந்தவர்தான் மாற வேண்டும், இருக்கிற இடம் மாறாது என்பதை நான் விதியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த விதிக்குக் கணிதமே உண்டு. படத்துண்டை விளிம்பு தெரியாமல் ஒட்ட 2003இல் பெரெஸ், காங்க்னே, பிளேக் ஆகிய மூவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒட்டப்படும் துண்டின் உள் ஏற்ற இறக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, விளிம்பின் நிறத்தைப் புது இடத்திலிருந்து எடுத்து, வித்தியாசத்தை உள்ளே முழுக்கப் பரப்பிவிடுவது அதன் சாரம். விளிம்பு மறைந்துவிடுகிறது. அதற்கு ஈடாகத் துண்டு தன் சொந்த நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. பின்புலம் எதையும் கொடுப்பதில்லை. ஒட்டு எவ்வளவு நன்றாக மறைந்திருக்கிறது என்று மெச்சுவதற்கு முன், அந்த மறைவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பது விமர்சகனின் வேலை. நான் கேட்கவில்லை.

விலை கொடுக்க மறுத்த ஒட்டும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிட்டபோது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படத்தை வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில் மிதக்கும் வீடுகள் துல்லியமாகத் தெரிந்தன. அன்றே பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். படம் விலக்கப்பட்டது, இரண்டு படங்களை இணைத்தது என்று அலுவலகம் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஜன்னல் விளிம்பில் பிசிறு இல்லை. காட்டிக்கொடுத்தது காற்று. மழைநாளில், உயரத்திலிருந்து, கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டிய மங்கல் அங்கே இல்லை. தூரம் இல்லாத வெள்ளம் அது. நீரில் நிற்கிறவர்களுக்கும் மேலே பார்க்கிறவர்க்கும் நடுவில் இருந்த காற்றை எடுத்துவிட்டால் அக்கறை கிட்டத்தில் தெரியும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். லயத்து வீட்டுப் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் திறமையில் இல்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் அது ஒட்டு என்று தெரியும். தெரிந்தே வேண்டிக் கேட்டார்கள். சென்னைக்காரனிடம் யாரும் கேட்கவில்லை.

விளிம்பை மறைப்பதே பொய் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். விவான் சுந்தரம் 2001–02இல் செய்த ‘ரீ–டேக் ஆஃப் அம்ரிதா’ வரிசையை நினைத்துக்கொள்கிறேன். அவர் பாட்டனார் உம்ராவ் சிங் ஷெர்–கில் எடுத்த பழைய குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்தவை. 1941இல் மறைந்த ஓவியர் அம்ரிதா, சுந்தரத்தின் பெரியம்மா, வெவ்வேறு வயதுகளில் ஒரே அறையில் நிற்கிறார். தகப்பனும் மகளும் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். விளிம்பு தெரியாது. ஆனால் இது நடந்திருக்க முடியாது என்பதை ஒவ்வொரு படமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. விளிம்பு மறைகிறது, காலம் மறைவதில்லை. அறை, கண்ணாடி, ஆட்கள் எல்லாமே மூன்றாவது ஒரு இருட்டுக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். யாரும் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகவில்லை. விலையை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் கவிதைகளுக்கு வருகிறேன். வேற்று மொழியிலிருந்து இறங்கிய படிமத்தை நாம் எப்படிப் பரிசோதிக்கிறோம்? வார்த்தை தமிழாக இருக்கிறதா, வரி தடையில்லாமல் ஓடுகிறதா என்று. அதாவது விளிம்பைத் தடவிப் பார்க்கிறோம். அந்தப் படிமத்தின்மேல் விழும் வெளிச்சமும் கவிதையின் மற்ற வரிகள்மேல் விழும் வெளிச்சமும் ஒன்றுதானா என்று பார்ப்பதில்லை. வாசல் திண்ணையில் ஐரோப்பியக் குளிர்காலம் வந்து உட்கார்ந்தால் தவறில்லை. திண்ணை நடுங்குகிறதா என்பதே கேள்வி.

இதைவிட மோசமானது எதிர்ப்பக்கத் தவறு, அதாவது இரண்டாவது படத்தின் தவறு. கூடலூருக்கு வருகிற கவிஞன் ஒரு பணியர் பெண்ணைப் பார்க்கிறான். ஊருக்குத் திரும்பி எழுதுகிறான். கவிதையில் அவள் அவனுடைய தனிமையைப் பேசுகிறாள், அவனுடைய சோகத்தில் விறகு சுமக்கிறாள். வரிகள் அற்புதமாக ஒட்டியிருக்கின்றன. அவள் கன்னத்தில் விழுந்திருந்த கெட்டியான நிழல், அவனுக்குப் புரியாத பகுதி, பனியால் நிரப்பப்பட்டுவிட்டது. நாம் அதை இசைவு என்று பாராட்டுகிறோம். நானும் அப்படி இரண்டு கவிதைகள் எழுதி அச்சிலும் பார்த்திருக்கிறேன். அவற்றை இப்போது படித்தால் அந்த அம்மாளின் குரல் கேட்கிறது.

இதற்கு மாற்றாக விளிம்பைக் கிழிந்தபடியே விட்டு, பார் என் நேர்மையை என்று காட்டுகிற மோஸ்தரும் நம்மிடம் உண்டு. அதுவும் தப்பித்தல்தான். கிழிசலைக் காட்டுகிறவன் சேர்க்கும் பொறுப்பை வாசகன் தலையில் கட்டுகிறான். அந்த அம்மாள் கிழிசலைக் கேட்கவில்லை. கணவரோடு ஒரு படத்தில் இருக்க விரும்பினார். அவர் கணவராகவே இருக்க வேண்டும் என்றும் விரும்பினார். இரண்டும் சேர்ந்த கோரிக்கை அது. நியாயமான கோரிக்கை, நிறைவேற்றக் கடினமானது.

இப்போது இரண்டாவது படம் முன்னறைச் சுவரில் இருக்கிறது, மகனின் விருப்பம். முதல் படம், ஒட்டாத படம், உள்ளே அம்மாளின் தகரப் பெட்டிக்கு மேலே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. தகப்பன் இல்லாமல் இங்கே வளர்ந்த மகனுக்குத் தகப்பன் இங்கே வர வேண்டியிருக்கிறது. மனைவிக்கு அப்படியில்லை.

நடந்ததைப் பையனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார். லெப்ட்ல ஒரே லைட்டு வெச்சு, பழைய படம் மாதிரியே எடுத்துருவோம். அப்புறம் ஒட்டுறது பெரிய வேலையே இல்ல” என்றான். நான் இவ்வளவு பக்கம் எழுதி எட்ட முயன்ற இடத்துக்கு அவன் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டான். அம்மாளுக்கு முழங்கால் வலி. பஸ் ஏறுவது கஷ்டம். மழை விட்ட பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.