பாரத்தைத் தூக்குவதும் பாரத்தைப் புரட்டுவதும்

ஜொகூர் நீரிணையை நோக்கி விரிந்துகிடக்கும் பாசிர் கூடாங்கிலும், அதற்கு உட்புறமாக மாசாய், தெப்ராவ், சினாய், கூலாய் என்று வடக்கே நீண்டுசெல்லும் தொழில் வட்டாரங்களிலும் எந்த ஆலையின் கதவைத் திறந்தாலும், அங்கே உற்பத்தியாவது செம்பனை எண்ணெயாக இருந்தாலும் சரி, ரசாயனமாக இருந்தாலும் சரி, அதை இயக்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரு மின்மோட்டார்தான். அந்த மோட்டார் பழுதாகி, காயில் கருகி, பேரிங் தேய்ந்து, லோரியில் ஏறிப் பட்டறைக்கு வந்து இறங்கும்பொழுது, அதுவரை பொறியியல் விஷயமாக இருந்த ஒன்று மனித உடலின் க்ஷேமத்தைப் பற்றிய விஷயமாக மாறுகிறது. தண்டின் மையம் பாதத்தின் அடியிலிருந்து 315 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதனால் 315 என்றே பெயர் பெற்ற சட்டமுடைய மோட்டார் சுமார் 1 டன் எடைக்கு வரும். அதனை இறக்கவும், பிரிக்கவும், நிமிர்த்தவும், மீண்டும் படுக்கவைக்கவும் வேண்டியவர்கள் மூன்று நான்கு தொழிலாளர்களே.

இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக ‘தூக்குதல்’ என்ற ஒரே சொல்லில் அனைத்தையும் அடக்கிவிடுகிறார்கள். ஆனால் தூக்குவது வேறு, புரட்டுவது வேறு; பாரத்தைக் கையாளும் தொழிலில் நம்முடைய சட்டங்களும், பரீட்சைகளும், பயிற்சிகளும் தூக்குவதையே கண்ணாகக் கொண்டு வளர்ந்திருக்க, அபாயத்தில் பெரும் பங்கு புரட்டுவதில் தங்கியிருக்கிறது என்பதே என்னுடைய கருத்து.

புரட்ட வேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பகுதியாகிய ஸ்டேட்டர் படுத்த நிலையில் வந்து சேர்கிறது. அதன் மேலுள்ள தூக்குவளையமாகிய ஐபோல்ட்டும் படுத்த நிலையிலேயே தூக்குவதற்காக அமைக்கப்பட்டது. ஆனால் புதிதாகக் காயில் கட்டி முடித்தபின், அதனை வார்னிஷ் தொட்டியில் முக்குவதற்கு நிமிர்த்தி நிறுத்துவதே சிலாக்கியம். அப்பொழுதுதான் வார்னிஷ் ஒவ்வொரு பள்ளத்தின் வழியாகவும் ஏறி, மிகுதியானது கீழே வடிந்து, சூளையில் சீராகக் காயும். தண்ணீர் இறைக்கும் நிலையங்களில் செங்குத்தாகப் பொருத்தப்படும் மோட்டார்களோ, படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டு, வேலை முடிந்தபின் மறுபடியும் நிமிர்த்தியே பொருத்தப்பட வேண்டியவை. ஆகவே ஒரே பழுதுக்காக ஒரே பாரம் பல முறை புரள்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் ஈர்ப்பு மையம் ஒரு விளிம்பைக் கடந்து செல்கிறது.

அந்த விளிம்பைக் கடக்கும் க்ஷணத்தில் நிகழ்வதைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். மோட்டாரின் ஒரு முனையைக் கிரேனின் கொக்கி தூக்க, மறுமுனையின் அடி விளிம்பு தரையில் ஊன்றி நிற்கிறது. தொடக்கத்தில் கொக்கி ஏறக்குறைய பாதி எடையைத் தாங்குகிறது. மோட்டார் நிமிர நிமிர ஈர்ப்பு மையம் ஊன்றிய விளிம்பை நோக்கி நகர்ந்துவர, கொக்கியின் மேலுள்ள சுமை குறைந்துகொண்டே போகிறது. வேலை இலகுவாகிக்கொண்டிருக்கிறது என்று கைக்குத் தோன்றும் அந்த வேளையிலேயே, மையம் விளிம்புக்கு நேர் மேலே வந்து, சுமை அற்றுப்போய், கொக்கியில் மாட்டிய தூக்கு பெல்ட் தளர்ந்து, மோட்டார் தன் எடையாலேயே மறுபுறம் விழுகிறது. பிடித்து நிறுத்த இரண்டாவது பெல்ட் இருந்தால் அதன்மேல் அந்த முழு எடையும் ஓர் உதறலோடு இறங்குகிறது. இல்லாவிட்டால் தரையின் மேலோ, அங்கே நிற்கிறவனின் பாதத்தின் மேலோ இறங்குகிறது. ஊன்றிய விளிம்பு சிமெண்டுத் தரையில் வழுக்கினாலோ, கொக்கி நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இழுத்தாலோ, இது இன்னும் முன்னதாகவே நிகழ்ந்துவிடும். நேராகத் தூக்கும்போது தவறு நேர்வதற்கு முன் பெல்ட் நெளிவதும் கொக்கி முனகுவதும் எச்சரிக்கையாக அமையக்கூடும். புரட்டும்போது எச்சரிக்கையின் இடத்தில் ஒரு பொய்யான இலகுத்தன்மையே வந்து நிற்கிறது.

இதற்கு நம் பட்டறைகளில் வழங்கிவரும் உபாயம் பழைமையானது. தோட்டத்து ரப்பர் ஆலைகளின் யந்திரக் கொட்டகைகளிலும் இரயில்வே பட்டறைகளிலும் வேலை பழகிய தலைமுறை, கிரேனின் கொக்கியில் ஒரு பக்கம் நேரான பெல்ட்டையும், மறுபக்கம் கையால் இழுக்கும் செயின் பிளாக்கையும் மாட்டி, பாரத்தை ஆகாயத்திலேயே சிறிது சிறிதாகச் சாய்த்து நிமிர்த்தும் வித்தையைக் கைவரப் பெற்றிருந்தது. கீழே ஒரு பழைய லோரி டயரைப் போட்டு, அதன்மேல் முனையை மெல்ல இறக்குவார்கள். இந்த முறையின் குணங்களைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். சங்கிலியை ஒரு முறை இழுத்தால் பாரம் அசைவது மில்லிமீட்டர் கணக்கில்தான். அந்த நிதானம் மின்விசையால் இயங்கும் பல கிரேன்களுக்கு வாய்ப்பதில்லை. சங்கிலியைப் பிடித்திருக்கும் கை, பாரம் எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்பதை உணர்கிறது. எந்த வடிவமுள்ள பாகத்துக்கும் அது பொருந்துகிறது; விலை அற்பம்; மின்சாரம் நின்றுபோனாலும் வேலை நிற்பதில்லை. பாரம் தன் விளிம்பால் தரையில் ஊன்றாமல் அந்தரத்திலேயே திரும்புவதால், நான் மேலே சொன்ன வழுக்கலுக்கும் அங்கே இடமில்லை.

குறை எங்கே இருக்கிறதென்றால், இந்த வித்தை கணக்கின்மேல் நிற்காமல் கண்ணின்மேல் நிற்கிறது. இரண்டு பிடிப்புகள் இருப்பதனால் ஒவ்வொன்றும் பாதி எடையைத்தான் தாங்கும் என்ற எண்ணம் பட்டறைகளில் சாதாரணம். தொடக்கத்தில் அது ஓரளவு சரியே. ஆனால் நிறைகுடத்தை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றும் பெண்ணின் கைகளைப் போல, புரட்டலின் முடிவில் ஒரு பிடிப்பு ஓய்ந்து மற்றொன்று முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆகையால் 1 டன் மோட்டாரைப் புரட்டுவதற்கு அரை டன் செயின் பிளாக் இரண்டு போதாது. இரண்டில் ஒவ்வொன்றும் 1 டன்னைத் தனியே தாங்கவல்லதாக இருந்தாக வேண்டும்.

ஐபோல்ட்டின் கதையும் இதுவே. ஜெர்மானிய டின் 580 தரத்தின்படி, 16 மில்லிமீட்டர் மரையுள்ள ஐபோல்ட் ஒன்று நேர் மேல்நோக்கிய இழுப்புக்கு 700 கிலோ தாங்கும். வளையத்தின் தளத்திலேயே 45 பாகை சாய்ந்த இழுப்பானால் 500 கிலோ. வளையத்துக்குக் குறுக்கான பக்க இழுப்புக்கோ அதை உபயோகிக்கவே கூடாது. மோட்டாரைப் புரட்டும்பொழுது இழுப்பு பக்கவாட்டுக்கே வந்து சேர்கிறது! போதாக்குறைக்கு, பம்போ கியர்பெட்டியோ கூடவே மாட்டியிருக்க, மோட்டாரை மட்டும் தூக்குவதற்கென்று தயாரிப்பாளர் வைத்த ஐபோல்ட்டில் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குகிறவர்களும் உண்டு. இழுப்பின் திசைக்கேற்பத் தானே சுழன்று கொடுக்கும் வளையங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் விலை ஐபோல்ட்டைப் போல் பல மடங்கு என்பது உண்மையானாலும், புரட்டும் வேலையில் அதனைச் செலவாகக் கணக்கிடுவது எனக்குச் சம்மதமில்லை.

பெல்ட்டுகளில் ஊதா நிறம் 1 டன்னுக்கும், பச்சை 2 டன்னுக்கும், மஞ்சள் 3 டன்னுக்கும் என்பது தொழிலாளர் அநேகருக்கு மனப்பாடம். வண்ணத்தால் தகுதியை அறிவித்த இந்த ஏற்பாடு, எழுத்து வாசிக்காதவனுக்கும் பயன்படும் நல்ல ஏற்பாடு. எனினும் அந்த எண் நேரான இழுப்புக்கு உரியது. சுருக்குப் போட்டு இறுக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டு பெல்ட்டுகள் கிடைத்தளத்தோடு 60 பாகையில் விரிந்தால் ஒவ்வொன்றிலும் பாரத்தின் 58 சதவீதமும், 45 பாகையில் 71 சதவீதமும், 30 பாகையில் முழுப் பாரமும் இறங்குகிறது. பாரம் புரளும்பொழுது இந்தக் கோணங்களும் மாறிக்கொண்டேயிருக்கும். பெல்ட் தன் இடத்தைவிட்டு நழுவி, வார்ப்பிரும்பின் கூரிய விளிம்பில் அறுபடவும் கூடும். நிறம் மட்டும் மாறுவதில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது? மலேசியாவின் 1967 ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, யந்திரச் சட்டம், கிரேன் போன்ற தூக்கும் யந்திரங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டுமென்று விதித்து, 15 மாதங்களுக்கு ஒருமுறை என்ற கணக்கில் பரிசோதனையையும் ஏற்படுத்தியது. அதனால் விளைந்த நன்மை பெரிது; கிரேனின் கம்பிவடமும் பிரேக்கும் முதலாளியின் மனோதர்மத்துக்கு விடப்படாமல் அரசாங்கப் பரிசோதகரின் கண்ணுக்குக் கீழே வந்தன. ஆயினும் அந்தச் சட்டம் தூக்கும் யந்திரம் எது என்று வரையறுத்தபொழுது, செயின் பிளாக் போன்ற, கையால் இயக்கும் ஹாயிஸ்டை அந்த வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. கிரேனுக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது; அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டு, புரட்டலின் முடிவில் முழுப் பாரத்தையும் ஏற்கும் செயின் பிளாக்குக்கு அது வேண்டியிருக்கவில்லை. விதியை இயற்றியவர்கள் தூக்குவதை நினைத்தார்கள், புரட்டுவதை நினைக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான அத்தாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1994 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேறொரு வழியில் சென்றது: இன்ன யந்திரத்துக்கு இன்ன விதி என்று அடுக்காமல், அபாயத்தை உண்டாக்குகிறவனே அதனைக் கட்டுப்படுத்தக் கடமைப்பட்டவன் என்ற தத்துவத்தை அது நிலைநாட்டியது. 2024 ஜூன் 1 முதல் பழைய 1967 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994 ஆம் ஆண்டுச் சட்டமே வழிகாட்டியாகிவிட்டது. அபாய மதிப்பீடு முதலாளியின் வெளிப்படையான கடமையாயிற்று. முதலாளியின் பொதுக் கடமைகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. செயின் பிளாக்கின் பெயரைச் சட்டம் உச்சரிக்காவிட்டாலும், அதனால் வரும் அபாயத்தை மதிப்பிடாதவன் இனி குற்றத்துக்கு உள்ளாவான் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் மதிப்பிடுகிறவனுக்குப் புரட்டலின் இயல்பு தெரிந்திராவிட்டால், ‘பாரம் 1 டன், கிரேன் 3 டன், அபாயம் குறைவு’ என்று எழுதிக் கோப்பில் வைத்துவிட முடியும்.

இனி, யந்திரத்தாலேயே புரட்டும் முறை. பாரத்தை ஒரு தொட்டிலில் வைத்து, ஹைட்ராலிக் விசையால் தொட்டிலையே 90 பாகை திருப்பும் சாய்மேடைகள் பெரிய ஆலைகளில் பழக்கத்துக்கு வந்துள்ளன. பாரம் எந்நிலையிலும் ஓர் ஆதாரத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. ஈர்ப்பு மையம் விளிம்பைக் கடக்கும் உதறல் ஏற்படுவதில்லை. இயக்குகிறவன் விலகி நின்று பொத்தானை அழுத்துகிறான். ஒரே அளவுள்ள மோட்டார்களை நாள்தோறும் கையாளும் ஆலையில் இதனை வாங்காமல் இருப்பதற்கு நியாயமே கிடையாது என்று துணிந்து சொல்லுவேன். பல வகை மோட்டார்கள் வந்துபோகும் காயில் கட்டும் பட்டறையிலோ நிலைமை வேறு. தொட்டிலின் அளவுக்குப் பொருந்தாத பாரம் அதில் சரியாகச் சாராமல் பாதி வழியில் சரியலாம். இடுக்கில் விரல் நசுங்கலாம். ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் தொட்டில் விழாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரத்தை மேடையில் கொண்டுபோய் வைப்பதற்குக் கிரேனும் பெல்ட்டும் வேண்டியே இருக்கின்றன. சிறு பட்டறைகள் சில கூடி ஒரு மேடையைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 1 டன் பாரத்தை அதற்காக லோரியில் ஏற்றி இறக்குவதில் வரும் அபாயம் மிச்சமாகும் அபாயத்தைவிடக் குறைவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

கிரேனுக்குப் போகாத சிறு பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூடியும் சிறு ரோட்டரும் கைகளாலேயே நகர்கின்றன. மலேசிய அரசின் வழிகாட்டி, இடுப்புயரத்தில் உடலோடு ஒட்டிப் பிடிக்கும் சுமைக்கு ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று அளவு கூறி, உடலை 45 பாகை திருப்பினால் அதில் 10 சதவீதமும் 90 பாகை திருப்பினால் 20 சதவீதமும் குறைக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் இங்கேயும் மனிதன் திரும்புவதுதான் கணக்கில் வருகிறது. அவன் கையில் பொருள் திரும்புவது வருவதில்லை. 20 கிலோ ரோட்டரைக் கைகளில் நிமிர்த்துகிறவனின் மணிக்கட்டும் முதுகும் தாங்குவது, அதே 20 கிலோப் பெட்டியைத் தூக்குகிறவன் தாங்குவதைவிட அதிகம்.

ஜொகூர்ப் பட்டறையில் இன்று சங்கிலியைப் பிடிப்பவர் தமிழராக இருக்கலாம், வங்காளதேசத்தவராக இருக்கலாம், நேபாளத்தவராகவும் இருக்கலாம்; தூக்கு என்பதற்கும் இறக்கு என்பதற்கும் ‘ஆங்காட்’, ‘தூருன்’ என்ற மலாய்ச் சொற்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. தூக்குவதற்கு அவ்விரண்டு சொற்களும் ஒரு கையசைப்பும் போதும். புரட்டுவதற்குப் போதா, ஏனென்றால் கொக்கி ஏறுவதும், கிரேன் நகர்வதும், செயின் இறங்குவதும் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று அனுசரித்து நடக்க வேண்டும். இதனை ஒருவனே பார்த்து ஒருவனே கட்டளையிட வேண்டுமென்பது நம் பழைய தொழிலாளர் கடைப்பிடித்த வழக்கம். அந்த வழக்கத்தை எழுத்தில் கொண்டுவராமல் விட்டதனால், அவர்கள் ஓய்வுபெற்றபொழுது அதுவும் அவர்களோடு போய்விட்டது.

திருத்தப்பட்ட சட்டத்தின் 26ஏ பிரிவு, உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையை விட்டு விலகும் உரிமையை அளிக்கிறது. புரட்டலில் அபாயம் உடனடியானது என்று கண்ணுக்குத் தெரியும் வேளையில் விலகுவதற்கு அவகாசமே இருக்காது. பெல்ட்டை மாட்டும்பொழுதே ‘இது போதாது’ என்று சொல்ல முடிந்தால்தான் அந்த உரிமைக்குப் பிரயோஜனம் உண்டு. வேலை அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியோடு பிணைந்திருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளி அப்படிச் சொல்லத் துணிவது கடினம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டுமென்று இதே சட்டம் விதித்திருக்கிறது. சிறு பட்டறைகளில் அந்தப் பொறுப்பைக் கணக்கெழுதும் மேசைக்குக் கொடுக்காமல், புரட்டலின்போது கட்டளையிடும் மனிதருக்கே கொடுத்து, பாரத்தின் எடை, அதன் மையம் இருக்கும் இடம், முடிவில் முழுப் பாரத்தையும் ஏற்கும் கொக்கி, ஆள் நிற்கக் கூடாத பக்கம் ஆகிய நான்கையும் மோட்டாரின் மேலேயே சாக்குக் கட்டியால் எழுதிய பிறகே சங்கிலியைத் தொடலாம் என்ற அதிகாரத்தையும் அவருக்கு அளிக்க வேண்டும்.